வல்கன் கிற் ஒண்டு வந்திருக்கு, வெள்ளை அடிக்கிறதோ பச்சை அடிக்கிறதோ?

மாங்குளம்_மொடல்:
எல்லாருக்கும் வணக்கம். லண்டனில இருக்கிற மச்சான் என்ர மகனுக்கெண்டு வல்கன் எண்ட பிரிட்டிஷ் பொம்பர் பிளேன்ர மொடல் கிற் ஒண்டு அனுப்பியிருக்கிறார், 72இல ஒரு பங்கு அளவு, செட்டை மட்டும் இந்தப் பக்கத்தில இருந்து அந்தப் பக்கம் ஒண்டரை அடி, மேசை காணாது. பெட்டிப் படத்தில மேல பச்சையும் சாம்பலும். நெற்றில தேடினா முழுக்க வெள்ளையா ஒண்டு, மேல பச்சை அடி வெள்ளையா ஒண்டு, அடியும் கடும் சாம்பலா இன்னொண்டு. ஒரே பிளேன்தானே, ஏன் இவ்வளவு நிறம்? பொம்பர் எண்டா ஒளிச்சுத்தானே போகவேணும், முழு வெள்ளை அடிச்சா ஆருக்குத்தான் தெரியாது? பொடியன் கேட்டுக் கேட்டு உயிரை எடுக்கிறான், தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

குளக்கட்டுக்காரன்:
தம்பி மூண்டும் சரிதான், வருசம்தான் வேற.

வெள்ளை அடிச்சது ஒளிக்க இல்லை, தங்கட குண்டில இருந்து தாங்களே தப்ப. 1950களின்ர கடைசியில வலியன்ற், விக்டர், வல்கன் எண்ட மூண்டு பிரிட்டிஷ் பொம்பரும் அணுகுண்டு காவத்தான் நிண்டது. உயரத்தில இருந்து அதைப் போட்டிட்டுத் திரும்பி ஓடேக்க வெடிப்பின்ர வெளிச்சத்தோட வாற சூடு பிளேன்ர தோலைச் சுட்டுப்போடும், கடும் நிறம் சூட்டை உறிஞ்சும், வெள்ளை திருப்பி அடிக்கும், வெய்யிலுக்க வயலுக்குப் போறவன் வெள்ளைச் சேட்டுப் போடுற கணக்குத்தான். 1957 மே மாசம் பசுபிக்கில மோல்டன் தீவுக்குக் கிட்டப் பரிசோதனைக் குண்டு போட்ட வலியன்ற்றும் வெள்ளைதான். பிளேன்ல இருக்கிற தங்கட நாட்டு வட்டச் சின்னத்தின்ர சிவப்பு நீலத்தைக்கூட வெளிறின றோஸும் வெளிறின நீலமுமா மாத்தினவங்கள், அந்த இடம் மட்டும் எரியக்கூடாதெண்டு. அதால வெள்ளை செய்யிறியள் எண்டா கடும் நிற ஸ்ரிக்கரை ஒட்டிப்போடாதேங்கோ.

பிறகு 1960 மே 1ஆம் திகதி சோவியத்காரன் அமெரிக்காவின்ர யூ-2 எண்ட வேவு பிளேனை ஏவுகணையால விழுத்தினான். உயரத்தில போனா ஒருத்தராலும் தொடேலாது எண்ட நினைப்பு அதோட போச்சு. றேடாருக்குக் கீழால மரத்தை உரசிக்கொண்டு போறதுதான் வழி எண்டு வந்திட்டுது. அப்பிடித் தாழப் போகேக்க மேல நிக்கிற ஃபைற்றர்காரன் குனிஞ்சு பாத்தா காட்டுக்கு மேலால வெள்ளைத் துணி ஒண்டு பறக்கிற மாதிரித் தெரியும். அதுதான் 1964இல இருந்து மேல பச்சையும் சாம்பலும். அடியை வெள்ளையாவே விட்டிட்டாங்கள்.

முத்தையன்கட்டு_விரால்:
அண்ணை சொன்னது சரி, அடியை ஏன் விட்டவங்கள் எண்டு நான் சொல்லுறன். குளத்து விராலைப் பாருங்கோ, முதுகு கறுப்பு, வயிறு வெளிறல். மேல நிண்டு பாக்கிறவனுக்குச் சேத்தோட சேறு, கீழ இருந்து பாக்கிறதுக்கு வானத்து வெளிச்சத்தோட வெளிச்சம். ரெண்டாம் யுத்தம் முடிஞ்ச கையோட ஃபைற்றருகளுக்கு இருந்த வெறும் வெள்ளி நிறத்தை விட்டிட்டு 50களில ஹண்டர் ஃபைற்றருக்கு மேல பச்சை சாம்பல், அடி வெள்ளி எண்டு அடிச்சதும் இதே கணக்குத்தான்.

ஆனா விரால் சரிஞ்சு திரும்பேக்க வயிறு பளிச்செண்டு மின்னும், வீச்சு வலைக்காரன் அதைக் கண்டுதான் எறிவான். வல்கனும் அப்பிடித்தான் மாட்டினது. அமெரிக்காவில நெவாடாப் பாலைவனத்தில ரெட் ஃபிளாக் எண்டு பெரிய பயிற்சி, அங்க மலைக்குள்ளால தாழப் போய்ச் செட்டையைச் சரிக்க மேல நிண்டவனுக்கு வெளிறின வயிறு அப்பிடியே தெரிஞ்சிருக்கு. 70களின்ர கடைசியில அடியையும் சேத்துச் சுத்திவரப் பச்சை சாம்பல் பூசத் தொடங்கினது அதாலதான். நீங்கள் கண்ட அடி கடும் சாம்பல் 1982இல ஆர்ஜென்ரீனாவோட நடந்த ஃபோக்லன்ட் தீவுச் சண்டைக்கு இரவில போனது.

வவுனியா_பழசு:
பிள்ளையள், வவுனியாவில இருக்கிற எயார்ஃபீல்டும் ரெண்டாம் யுத்தத்தில வெள்ளைக்காரன் போட்டதுதான். அந்த நேரம் இந்தப் பக்கத்துக்கு வந்த அவன்ர பிளேனுகளின்ர வட்டத்துக்குள்ள சிவப்பையே எடுத்துப்போட்டான், சிவப்பைக் கண்டா யப்பான்காரன் எண்டு தன்ர ஆக்களே சுட்டுப்போடுவாங்கள் எண்ட பயம்.

மற்றும்படி நிறத்தைப் பற்றி எனக்கென்ன தெரியும். எங்கட சண்டையில குண்டு போட கிபிர் ஜெற் வரேக்க நிறம் பாக்க ஆர் நிண்டது, இரைச்சல் கேட்டா பங்கர். தலைக்கு மேல நாள் முழுக்க நிண்ட வண்டு, அதுதான் ஆளில்லா வேவு பிளேன், என்ன நிறமெண்டு இண்டைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

குளக்கட்டுக்காரன்:
ஐயா அது உண்மை. ஆனா வல்கன்காரருக்கு ஒளிக்கவேண்டியிருந்தது நிலத்தில நிக்கிறவனுக்கு இல்லை, தேடி வாற மற்றப் பிளேன்காரன்ர கண்ணுக்கு. அதாலதான் உயரத்தில சண்டை பிடிக்கிற ஃபான்ரம் ஃபைற்றருக்கு 70களின்ர கடைசியில பச்சையை விட்டிட்டு மங்கல் சாம்பல் பூசினவங்கள். அதில ஒண்டுக்குப் பேர் பார்லி கிறே, தானியப் பேரில்லை, இங்கிலாந்தில ஃபான்பறோவில ஆராய்ச்சி செய்த பிலிப் பார்லி எண்டவர்ர பேர். ஃபோக்லன்டுக்குக் கப்பல்ல போன சீ ஹரியர் ஃபைற்றருகளில ஒரு தொகுதிக்கு அந்தச் சாம்பல், மற்றதுகளின்ர வெள்ளை வயித்துக்குக் கப்பல் போய்க்கொண்டிருக்கேக்கயே கடும் சாம்பல் பூசினவங்கள், பிரஷாலயும் அடிச்சவங்களாம். 1991 வளைகுடாச் சண்டையில ரோனாடோ பொம்பருக்கு றோஸ் கலந்த மண் நிறம், அதுவும் வேலை முடியக் கழுவி எடுக்கிற பெயின்ற்.

பொடியனுக்கு இதையும் சொல்லுங்கோ, பயிற்சிப் பிளேன் எண்டா மற்றவனுக்குத் தெரியவேணும் முட்டக்கூடாது, அதுக்கு எந்த நிறம் எண்டு சோதிச்சுப் பாத்தா சிவப்பும் வெள்ளையும் இல்லை, பளபளக்கிற கறுப்புத்தான் வானத்தில நல்லாத் தெரிஞ்சிருக்கு. 90களில இருந்து ஹோக் எல்லாம் காகம் மாதிரி.

மாங்குளம்_மொடல்:
பெரிய நன்றி எல்லாருக்கும். விரால் கதையைச் சொன்னன், உடன வல்கனைக் கையில தூக்கிச் சரிச்சுப் பாக்கிறான். மேல பச்சை அடி வெள்ளைதான் வேணுமாம், மின்னுறதைப் பாக்கவாம். ஒரு சந்தேகம், இஞ்ச ஹாட்வெயார் கடையில கேற்றுக்கு அடிக்கிற எனாமல் பெயின்ற்தான் கிடைக்குது, அதைத் தண்ணியாக் கரைச்சு அடிச்சாப் பிளாஸ்ரிக் உருகுமோ?

முத்தையன்கட்டு_விரால்:
எனாமல் உருக்காது, தின்னர்தான் உருக்கும். ரேப்பன்ரைன் விட்டுக் கரைச்சு முதல்ல வெட்டின சட்டத் துண்டில அடிச்சுப் பாருங்கோ. காயுமட்டும் பொடியனைக் கிட்ட விடாதேங்கோ.