ஓர் ஊரைப் பற்றிய முன்னாய்வுகளை இணையத்திலும் நூலகத்திலும் தேடுவது எப்படி?

தென்பெண்ணை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் சமூகவியலில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விழுப்புரம் மாவட்டத்தில் திருவெண்ணெய்நல்லூரைச் சுற்றியுள்ள சில ஊர்களில் வேளாண் கூலித் தொழிலாளர்களின் வாழ்க்கை கடந்த சில தலைமுறைகளில் எவ்வாறு மாறியிருக்கிறது என்பதை ஆய்வேட்டுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். களப்பணியைப் பற்றி எனக்கு அச்சமில்லை. அது எங்கள் பகுதிதான், மக்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். ஆனால் இதே பொருளில் இதற்கு முன் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேட உட்கார்ந்தால் எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை. கூகுளில் தமிழில் தேடினால் செய்திகளும் போட்டித் தேர்வுக் குறிப்புகளும் வருகின்றன. ஆங்கிலத்தில் தேடினால் முடிவுகள் இலட்சக்கணக்கில் வந்து குவிகின்றன; அவற்றுள் பயன்படும் என்று தோன்றும் கட்டுரையைத் திறந்தால் பணம் கட்டச் சொல்கிறது. எங்கள் கல்லூரி நூலகத்தில் பாடநூல்களே மிகுதி. முன்னாய்வுகள் பற்றிய இயலை முதலில் எழுதிக் கொண்டுவருமாறு நெறியாளர் சொல்லியிருக்கிறார். இந்தத் தேடலை முறையாகச் செய்வது எப்படி என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய நூலகர் (பதில்):

வணக்கம் அம்மா. நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் பகுதிக்கு ஒரு சிறப்பு உண்டு; அதைச் சொல்லித் தொடங்குவதே தேடும் முறையை விளக்கவும் ஏற்ற வழி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தம் மாணவர்களைக் கொண்டு கிராமங்களை ஆய்வு செய்வித்து, அந்த அறிக்கைகளை 1918-இல் நூலாகத் தொகுத்தார். அந்த ஊர்களுள் ஒன்று திருவெண்ணெய்நல்லூருக்கு அருகிலுள்ள இருவேல்பட்டு. 1930-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தினர் அவ்வூரை மீண்டும் ஆய்வு செய்தனர். பின்னர் எஸ். குகனும் ஜோன் மென்ஷரும் ஆய்ந்து 1983-இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் எழுதினர். ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகிய மூவரும் 1916 முதல் 2008 வரையிலான மாற்றங்களைத் தொகுத்து அதே இதழில் 2010-இல் எழுதினர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுப் பதிவு உங்கள் ஊர்ப்பக்கத்திலேயே இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் உங்கள் தேடலில் இவை ஏன் அகப்படவில்லை என்பதுதான் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டியது. ஸ்லேட்டரின் தொகுப்பில் இவ்வூரின் பெயர் ‘எருவெல்லிபெட்’ என்று படிக்கும்படியான ஆங்கில எழுத்துகளில் அச்சாகியிருக்கிறது. இன்றைய எழுத்துக்கூட்டலை இட்டுத் தேடினால் 1983-க்குப் பிந்தையவை வரும், 1918-ஆம் ஆண்டு நூல் வராது. மாவட்டத்தின் பெயரும் அவ்வாறே. விழுப்புரம் மாவட்டம் 1993-இல்தான் பிரிக்கப்பட்டது. அதற்கு முந்தைய எழுத்துகளெல்லாம் தென்னார்க்காடு என்ற பெயரின்கீழ் இருக்கும். பேசப்படும் பொருளுக்கும் காலத்துக்குக் காலம் பெயர் வேறு: பண்ணையாள், படியாள் என்ற நம் சொற்களையே ஆங்கில எழுத்தில் இட்டு எழுதியவர்கள் உண்டு, பழைய குடிக்கணக்கு (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) அறிக்கைகளில் பண்ணை வேலையாட்கள், வயற்கூலிகள் என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்புகள் இருக்கும், 1970-களுக்குப் பிறகு எழுதியவர்கள் வேளாண் உறவுகள் என்ற தலைப்பில் எழுதுவார்கள். ஆகவே தேடுபெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் ஊரின் பெயர் வடிவங்கள், மாவட்டத்தின் பழைய பெயர், பொருளைக் குறிக்கும் சொற்கள் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். படிக்கப் படிக்கப் புதிய சொற்கள் வரும். அவற்றை அதே தாளில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும்.

அடுத்து, நல்ல கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டால் சொற்களை விட்டுவிட்டு அந்தக் கட்டுரையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 2010-ஆம் ஆண்டுக் கட்டுரையின் துணைநூற்பட்டியல் உங்களைப் பின்னோக்கி 1918 வரை கொண்டுபோகும். முன்னோக்கிச் செல்ல, ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் தேடித் தரும் கூகுள் ஸ்காலரைப் பயன்படுத்துங்கள். அங்கே ஒவ்வொரு முடிவின் கீழும் அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகளின் எண்ணிக்கை இணைப்பாக இருக்கும். அதைச் சொடுக்கினால் வரும் பக்கத்தின் மேற்பகுதியில், மேற்கோள் காட்டிய கட்டுரைகளுக்குள் மட்டும் தேடுவதற்கான சிறு கட்டம் ஒன்று உண்டு. அதில் குறியிட்டுவிட்டு ‘கூலி’, ‘சாதி’, ‘பெண் தொழிலாளர்’ போன்றவற்றின் ஆங்கிலச் சொற்களை இட்டால், இருவேல்பட்டு ஆய்வைப் படித்துவிட்டு உங்கள் பொருளில் எழுதியவர்கள் மட்டும் வடிகட்டப்பட்டு வருவார்கள். பொதுவான சொல்லைக் கூகுளில் இட்டுப் பல பக்கங்களைப் புரட்டுவதைவிட இந்த ஒரு வழி மிகுந்த பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

நூலக அடுக்கைப் பற்றியும் ஒரு சொல். டூயி தசம வகைப்பாட்டைப் பின்பற்றும் நூலகத்தில் உங்கள் பொருள் ஒரே இடத்தில் இருக்காது. ஊரகச் சமூகம் 307.72-இலும், தொழிலாளர் பொருளியல் 331-இலும், வேளாண் பொருளியல் 338.1-இலும் நிற்கும். பட்டியலில் கண்ட ஒரு நூலை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், அதற்கு இருபுறமும் நிற்கும் நூல்களின் உள்ளடக்கப் பக்கத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். கோட்டூர்புரத்திலுள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஒரு முழு நாளை இதற்காக ஒதுக்கலாம்.

களமும் ஏடும் (பதில்):

ஐயா கூறியவற்றை ஏற்கிறேன்; ஆனால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். புகழ்பெற்ற ஓர் ஊரின் ஆய்வுத் தொடரையே பிடித்துக்கொண்டு போனால், அந்த ஆய்வாளர்கள் கேட்ட கேள்விகளே உங்கள் கேள்விகளாகவும் ஆகிவிடும் ஆபத்து இருக்கிறது. ஸ்லேட்டர் தொகுப்பிலுள்ள பாலக்குறிச்சி, தூசி, கங்கைகொண்டான், வடமலாபுரம் ஆகிய மற்ற ஊர்களின் மறு ஆய்வுகளையும், அந்தத் தொகுப்போடு தொடர்பே இல்லாத ஊர்களைப் பற்றிய ஆய்வேடுகளையும் இணையாகப் படியுங்கள். ஆய்வேடுகளுக்கு, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்லிப்நெட் நடுவம் நடத்தும் ‘சோத்கங்கா’ களஞ்சியம் இருக்கிறது. அங்கே ஒவ்வோர் ஆய்வேடும் இயல் இயலாகத் தனித்தனிக் கோப்புகளாகக் கிடைக்கும். முதலில் துணைநூற்பட்டியல் இருக்கும் கோப்பைத் திறந்து பாருங்கள். அந்த ஆய்வாளர் எந்த ஆவணங்களைத் தொட்டிருக்கிறார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஆய்வேடுகளின் தரம் ஏற்றத்தாழ்வுடையது. ஆகவே அதில் மேற்கோளாக வருவதை மூலத்தில் பார்க்காமல் எடுத்தாளாதீர்கள்.

கட்டணம் கேட்கும் கட்டுரைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பல கட்டுரைகளுக்குச் சட்டப்படியே இலவசப் படி வேறோர் இடத்தில் இருக்கும். கூகுள் ஸ்காலரில் முடிவின் கீழுள்ள ‘அனைத்துப் பதிப்புகள்’ என்ற இணைப்பைத் திறந்தால், ஆசிரியரோ அவரது பல்கலைக்கழகமோ ஏற்றி வைத்த படி பெரும்பாலும் அங்கே தென்படும். உலாவியில் ‘அன்பேவால்’ என்ற நீட்சியை நிறுவிக்கொண்டால் அதுவே தேடிக் காட்டும். ஆய்விதழ்களைத் தொகுத்து வைத்திருக்கும் ‘ஜேஸ்டோர்’ தளத்தில் தனிநபர் கணக்கு தொடங்கினால் மாதந்தோறும் ஒரு வரம்புக்குள் கட்டுரைகளை இணையத்திலேயே இலவசமாகப் படிக்கலாம். வீக்லியின் பழைய இதழ்கள் அங்கே உள்ளன. தெற்காசியத் திறந்த ஆவணங்கள் என்ற தொகுப்பும் அதே தளத்தில், கணக்கோ கட்டணமோ இல்லாமல், பழைய குடிக்கணக்கு அறிக்கைகளைத் தருகிறது. உங்கள் கல்லூரி அரசுக் கல்லூரியாக இருந்தால், 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின்கீழ் முப்பது பதிப்பகங்களின் ஆய்விதழ்களை அணுகும் உரிமை மாணவர்களுக்கு உண்டு. இதைக் கல்லூரி நூலகரிடம் நேரில் கேளுங்கள். பதிவு செய்யாமலேயே இருக்கும் கல்லூரிகள் உண்டு, கேட்கும் மாணவர் இருந்தால்தான் வேலை நகரும். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பணியறிக்கைகளையும் விட்டுவிடாதீர்கள். 1971-இல் மால்கம் ஆதிசேசையா நிறுவிய அந்த நிறுவனம்தான் 1980-களில் ஸ்லேட்டர் ஊர்களுக்கு மீண்டும் போனது. இதழ்க் கட்டுரையில் இடமில்லாமல் விடுபட்ட அட்டவணைகள் இத்தகைய அறிக்கைகளில்தான் இருக்கும்.

பொதுவான கூகுளையும் கட்டுப்படுத்தித் தேடலாம். சொற்றொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் இடுங்கள். ‘சைட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் முக்காற்புள்ளியும் இட்டு, இடைவெளி விடாமல் தள முகவரியைச் சேர்த்தால் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும்; அரசுத் தளங்களின் சொந்தத் தேடுபெட்டி கைவிடும்போது இது உதவும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் நூற்பட்டியல் கேட்காதீர்கள். உண்மையான ஆசிரியர் பெயர், உண்மையான இதழின் பெயர், நம்பும்படியான ஆண்டு எல்லாம் வைத்து, எழுதப்படாத கட்டுரை ஒன்றை அவை தருவதுண்டு. தேடுசொற்களுக்கு மாற்றுச் சொல் கேட்கலாம். அவை தரும் மேற்கோள் எதையும் நூலகப் பட்டியலிலோ இதழின் தளத்திலோ கண்ணால் பார்க்காமல் ஆய்வேட்டில் சேர்க்கக் கூடாது.

சுவடிப்பெட்டி (பதில்):

தமிழ் மூலங்களைப் பற்றி இதுவரை யாரும் சொல்லாததால் சுருக்கமாக எழுதுகிறேன். பழைய தமிழ் நூல்களும் இதழ்களும் பெரும்பாலும் பக்கப் படங்களாகவே இணையத்தில் ஏற்றப்பட்டிருக்கின்றன. உள்ளிருக்கும் எழுத்தைக் கணினி சரியாகப் படிப்பதில்லை. ஆகவே தேடுசொல்லுக்கு விடை வரவில்லை என்பதால் செய்தி இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஆசிரியர், தலைப்பு, பொருட்பிரிவு வழியாக உள்ளே போய்ப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே வழி. விவசாயத் தொழிலாளர் இயக்கங்கள் வெளியிட்ட துண்டறிக்கைகளும் சிறு வெளியீடுகளும் தேவைப்பட்டால், கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பைக் கொண்டு 1994-இல் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேளுங்கள், தரமணியில் இருக்கிறது. நில உடைமைக்கு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஊர்வாரியான நிலவரித்திட்டப் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும். ஊரின் பெயரோடு பழைய வட்டத்தின் பெயரையும் எழுதிக்கொண்டு போனால் பணியாளர்கள் எடுத்துத் தருவது எளிதாகும்.

தென்பெண்ணை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 1983, 2010 ஆகிய இரண்டு கட்டுரைகளையும் ஜேஸ்டோரில் திறந்துவிட்டேன். இன்னும் ஓர் ஐயம்: தேடிக்கொண்டே போனால் முடிவே இருக்காது போலிருக்கிறது. எங்கே நிறுத்துவது? தேடியதையே மீண்டும் தேடாமல் இருப்பதற்கு என்ன செய்வது?

பழைய நூலகர்:

ஒரு குறிப்பேடு போடுங்கள் அம்மா. நாள், தேடிய இடம், இட்ட சொற்கள், கிடைத்தவை, கிடைக்காதவை என்று ஐந்து பத்திகள் போதும். கிடைக்காதவற்றை எழுதுவது மிகவும் முக்கியம். ‘எருவெல்லிபெட் என்று சோத்கங்காவில் தேடினேன், ஒன்றும் இல்லை’ என்ற வரி பின்னால் உங்கள் நேரத்தை மிச்சப்படுத்தும். கட்டுரைகளைச் சேமிக்க ‘ஜொட்டெரோ’ என்ற இலவச மென்பொருள் உண்டு. சேமிக்கும்போதே நூல் விவரங்களைச் சரிபார்த்துவிடுங்கள், ஏனெனில் தானாக வரும் விவரங்களில் இந்தியப் பெயர்களின் முன்னெழுத்துகள் பலமுறை இடம் மாறி வரும்.

நிறுத்துவதைப் பொறுத்தவரை, வெவ்வேறு வழிகளில் போயும் துணைநூற்பட்டியல்களில் அதே பெயர்களே திரும்பத் திரும்ப வரத் தொடங்கினால், முதுகலை ஆய்வேட்டுக்கு அது போதுமானது. அந்த நிலைக்கு வந்த பிறகு சென்னைக்கு வாருங்கள். துறைத்தலைவரின் அறிமுகக் கடிதத்தையும் கல்லூரி அடையாள அட்டையையும் கையில் வைத்துக்கொண்டு, ஆவணக் காப்பகத்திலும் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலும் வெளி மாணவர்களை எந்த நேரத்தில் அனுமதிக்கிறார்கள் என்று தொலைபேசியில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.