ஒயின் பாட்டில்ல விலை ஏன் இப்படி ஏறி இறங்குது? சேலம், ஏற்காடு ஆட்களின் அனுபவங்கள்

ஐந்துரோடு:

சேலத்துல பிராந்தியைப் பத்திக் கேட்டா தெருவுக்குப் பத்து பேர் விளக்கம் சொல்வாங்க. ஒயினைப் பத்திக் கேட்டா "கிறிஸ்துமஸ் கேக்கோட குடிக்கிறது"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடறாங்க. பெங்களூர்ல ஒரு கடையில பார்த்தேன். ஒரே அலமாரி, ஒரே 750 மில்லி பாட்டில். ஒண்ணு அறுநூறு சொச்சம், பக்கத்துலயே ஒண்ணு எட்டாயிரம். ரெண்டுமே புளிக்க வெச்ச திராட்சைச் சாறுதானே? எந்தக் கம்பெனி நல்லதுன்னு கேட்கலைங்க. குடிச்சுப் பார்த்தவங்க, தோட்டத்தைப் பார்த்தவங்க என்ன வித்தியாசம் உணர்ந்தீங்கன்னு சொல்லுங்க.

மிளகுக்கொடி:

ஏற்காட்டுல நாகலூர் பக்கம் எங்களுக்குக் காப்பித் தோட்டம். சில்வர் ஓக் மரத்துல எல்லாம் மிளகு ஏத்தியிருக்கோம். ஒரு மாசி மாசம், களத்துல மிளகு காய்ஞ்சுட்டு இருந்தப்போ, எங்க அண்ணி வழிச் சொந்தக்காரர் ஒருத்தர் வந்து தங்கினார். மகாராஷ்டிராவுல நாசிக்ல ஒயின் ஆலையில வேலை. கையில ரெண்டு பாட்டில் கொண்டுவந்திருந்தார். ஒண்ணு ஷிராஸ், ஒண்ணு கேபர்னே சாவிஞான். ரெண்டும் திராட்சை ரகத்தோட பேருங்க, கம்பெனி பேரு இல்லை.

ஷிராஸை ஊத்தறதுக்கு முன்னாடி களத்துல இருந்து ஒரு பிடி மிளகு எடுத்து வரச் சொன்னார். அதைச் சின்ன உரல்ல லேசா இடிச்சு முகர்ந்து பார்க்கச் சொல்லிட்டு, அப்புறம் கிளாஸைக் கையில கொடுத்தார். அதே வாசனை! மிளகு ஊறப் போடுவீங்களான்னு கேட்டேன். ஒண்ணுமே சேர்க்கறதில்லையாம். ரொட்டன்டோன்னு ஒரு வேதிப்பொருள் மிளகுல இருக்கு, அதுவேதான் ஷிராஸ் பழத்தோட தோல்லயும் உருவாகுது. 2008-ல ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சு எழுதியிருக்காங்க. ஒரு லிட்டர் சிவப்பு ஒயின்ல வெறும் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிஞ்சிடுமாம். குளிர்ச்சியான இடத்துல வெளைஞ்ச ஷிராஸ்ல இது கூடுதல், வெயில்ல வெந்த பழத்துல குறைவு.

அந்த ஆராய்ச்சியிலயே இன்னொண்ணும் இருக்கு. அஞ்சுல ஒருத்தருக்கு இந்த வாசனை எவ்வளவு தூக்கலா இருந்தாலும் தெரியாதாம். எங்க அண்ணன் அதே கிளாஸை முகர்ந்துட்டு "நாவல்பழம் மாதிரி இருக்கு, மிளகெல்லாம் ஒண்ணும் இல்லையே"ன்னார். மிளகுக்குள்ளயே பொறந்து வளர்ந்த மனுஷன் அவர். அதனால ஒரே பாட்டிலைப் பத்தி ரெண்டு பேர் ரெண்டு விதமாப் பேசினா யாரும் பொய் சொல்றதா நினைக்காதீங்க.

கேபர்னேல எனக்குப் பச்சைக் குடைமிளகாய் வாசம் லேசா வந்துச்சு. பழம் சரியாப் பழுக்கறதுக்கு முன்னாடி பறிச்சா அந்த வாசம் தூக்கலா நிக்கும், பழுக்கப் பழுக்கக் குறையும்னு சொன்னார்.

விலைக்கு வர்றேன். எங்க மலையில ஒரே அரபிகா காப்பிக்கு ரெண்டு விலை உண்டு. செவந்த பழமா மட்டும் பார்த்து, அதே செடிக்கு மறுபடி மறுபடி ஆள் விட்டுப் பறிச்சு, அன்னைக்கே தோலெடுத்துக் காயப்போட்டது ஒரு விலை. பச்சையும் செகப்புமா ஒரே உருவா உருவினது வேற விலை. திராட்சையும் அப்படித்தான். நல்ல ஒயினுக்குன்னு வளர்க்கறவங்க காய் பிஞ்சா இருக்கறப்பவே குலையில பாதியை வெட்டிக் கீழே போட்டுடுவாங்க. மீதி இருக்கற பழத்துக்கு எல்லாச் சத்தும் போகணும்னு. வெளைச்சல் பாதியானா விலை ஏறத்தானே செய்யும். இந்தக் கூடுதல் விலையை நான் மனசாரக் கொடுப்பேன், ஏன்னா அது வேலை செஞ்ச கைக்குப் போற காசு.

ஏற்காட்டுல ஏன் ஒயின் திராட்சை போடலைன்னு சிலர் கேட்பாங்க. இங்க மழையும் மூடுபனியும் மாறி மாறி நிக்குது. திராட்சைக்கு இலை காயணும். ஈரம் நின்னா சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் விடாது. நாசிக்ல மழைக்காலம் முடியற நேரமாப் பார்த்துக் கவாத்து பண்ணி, ஜனவரியில இருந்து மார்ச்சுக்குள்ள மழையில்லாத காலத்துலயே அறுத்துடறாங்க. ஐரோப்பாவுல கொடி பனிக்காலம் முழுக்கத் தூங்கும். நாசிக் மாதிரி சூடான இடத்துல தூங்கறதே இல்லை, அதனால வருஷத்துக்கு ரெண்டு கவாத்து.

செவ்வாப்பேட்டை:

மிளகுக்கொடி அக்கா சொன்ன வாசனைக் கணக்கை நம்ம ஊருப் பழத்துலயே பார்க்கலாம். எனக்குப் பழ வியாபாரம். கம்பத்துல இருந்து பன்னீர் திராட்சை வரும். 2023-ல புவிசார் குறியீடு வாங்கின பழம். உலகத்துல இதுக்குப் பேரு மஸ்கட் ஹாம்பர்க். ரோஜாவுல இருக்கற ஜெரானியால், லினலூல் மாதிரியான வாசனைப் பொருள்கள்தான் மஸ்கட் இனத்துலயும் இருக்கு. பன்னீர்னு பேர் வெச்சவங்க மூக்கு சரியாத்தான் இருந்திருக்கு.

இன்னொரு பழம் பெங்களூர் புளூ. அமெரிக்க இனத்தோட வாரிசு. திராட்சைச் சோடா, திராட்சை மிட்டாய்ல ஒரு வாசம் வருமே, மெத்தில் ஆந்த்ரனிலேட், அது இந்தப் பழத்துல இயற்கையாவே இருக்கு. நம்ம ஊர்ல கிடைக்கிற மலிவான இனிப்பு ஒயின் பலதுல இந்த வாசம்தான் முன்னாடி வந்து நிக்கும். குறை சொல்லலைங்க, எங்க அப்பாவுக்கு அதுதான் பிடிக்கும். ஆனா அதைக் குடிச்சுட்டு "ஒயின்னா இதுதான்"னு முடிவு கட்டிட்டா மத்த ரகமெல்லாம் புளிப்பாத்தான் தெரியும்.

நாசிக்குக்குச் சரக்கு பேசப் போனப்போ ஒரு தோட்டத்துல கேபர்னே பழத்தைப் பறிச்சு வாயில போட்டுப் பார்த்தேன். விக்கிறதுக்கு லாயக்கே இல்லாத பழம்! பட்டாணி அளவு, கெட்டித் தோலு, உள்ள பாதி விதை. ஆனா இனிப்பு தொண்டையைப் பிடிக்குது. நாம தின்னுற திராட்சை 16, 18 பிரிக்ஸ் (நூறு கிராம் சாறுல எத்தனை கிராம் சர்க்கரைங்கற அளவு) வந்ததும் அறுக்கறது. ஒயினுக்கு 22, 24 வரைக்கும் விடுவாங்க. ஒரு லிட்டர்ல 17 கிராம் சர்க்கரை புளிச்சா ஒரு சதவீதம் ஆல்கஹால். சர்க்கரை பூராவும் அப்படி மாறிப்போனதும் நாக்குல இனிப்பே இருக்காது. நிறமும் துவர்ப்பும் தோல்லயும் விதையிலயும் இருந்துதான் வருது. சின்னப் பழத்துல சாறு கம்மி, தோல் ஜாஸ்தி. அதான் ரகசியம்.

எங்க பக்கத்து வீட்டு டீச்சரம்மா கிறிஸ்துமஸுக்குப் பன்னீர் திராட்சையை ஜாடியில போட்டு, சர்க்கரை, கோதுமை, கிராம்பு, பட்டையோட ஊற வெப்பாங்க. தின்னுற பழத்துல சர்க்கரை பத்தாதுங்கறதாலதான் மேல கொட்ட வேண்டியிருக்கு. அந்த ருசி வேற, அந்தப் பாசமும் வேற. கடை ஒயினோட அதை நிறுத்திப் பார்க்கறது சரியில்லை.

ஐந்துரோடு:

அருமைங்க. அப்போ அந்த எட்டாயிரம் முழுக்க பழத்துக்கும் உழைப்புக்குமா?

அம்மாப்பேட்டைக்காரன்:

வணக்கம் அண்ணா. நான் இப்போ பிரான்ஸில் லியோனில் வேலை பார்க்கிறேன். உங்கள் கேள்விக்கு என் பதில்: இல்லை.

எங்கள் ஊரிலிருந்து வடக்கே வண்டியில் போனால் பர்கண்டி என்ற ஒயின் பகுதி. அங்கே ரோமானே-கோன்ட்டி என்ற தோட்டத்தைப் பார்த்தேன். மொத்தம் 1.8 ஹெக்டேர், நம் கணக்கில் நாலரை ஏக்கர். ஒரு கல்சுவர், ஒரு கல் சிலுவை, மற்றபடி சாதாரணக் கொடிகள். ரகம் பினோ நுவார். இங்கே விளைந்த 1945-ஆம் வருடத்து பாட்டில் ஒன்று 2018-இல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போனது. அந்த வருடம் அவர்கள் போட்டதே 600 பாட்டில்தான். பாதையைக் கடந்தால் அடுத்த வயலிலும் அதே பினோ நுவார், விலை அதன் பக்கத்தில்கூட வராது. மண்ணிலும் சரிவிலும் வித்தியாசம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விலை அந்த அளவுக்கு ஏறுவது கிடைக்காத பொருள் என்பதால்.

பிரான்ஸின் இன்னொரு ஒயின் பகுதியான போர்டோவில் 1855-இல் சிவப்பு ஒயின் தோட்டங்களைத் தரம் பிரித்துப் பட்டியல் போட்டார்கள். அப்போது என்ன விலைக்குப் போனதோ அதை வைத்துத்தான் தரமே. முதல் வரிசைக்கு அதற்குப் பிறகு ஏறியது ஒரே ஒரு தோட்டம், 1973-இல் மூத்தோன் ரோத்ஷில்ட். பழைய விலையே புதிய விலைக்குச் சான்றிதழாக நிற்கிறது.

இங்கே என்னோடு வேலை செய்கிறவர்கள் தினமும் சாப்பாட்டோடு குடிப்பது ஐந்து, ஏழு யூரோ பாட்டில். ஒரு நாள் பாட்டில்களைத் துணிப்பையில் மறைத்து ஊற்றிப் பார்த்தோம். பிறந்ததிலிருந்து ஒயினோடு இருப்பவர்கள்கூட மலிவானதற்கு அதிக மதிப்பெண் போட்டார்கள். யாரும் வெட்கப்படவில்லை. ஆராய்ச்சிகளும் இதையே காட்டுகின்றன. 2001-இல் வெளியான ஒரு சோதனையில் போர்டோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு, வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளாலேயே அதை வர்ணித்தார்கள். 2008-இல் கலிபோர்னியாவில் ஒரே ஒயினை இரண்டு விலை சொல்லிக் கொடுத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். விலை அதிகம் என்று சொன்னபோது இன்பத்தை உணரும் பகுதி உண்மையிலேயே கூடுதலாக வேலை செய்தது.

இன்னொன்று வரி. வெளிநாட்டு ஒயினுக்கு நெடுங்காலமாக இந்தியாவில் சுங்கமே 150 சதவீதமாக இருந்தது, அதற்கு மேல் மாநில வரி. ஆஸ்திரேலிய ஒயினுக்கு 2022 டிசம்பரில் அமலுக்கு வந்த ஒப்பந்தத்தில் கொஞ்சம் குறைத்தார்கள். இங்கே நான் ஏழு யூரோவுக்கு வாங்குவது அங்கே அலமாரியில் கௌரவப் பொருளாக நிற்கும். அதற்குக் கொடுக்கும் காசை நாசிக்கிலோ நந்திமலையிலோ செய்த நல்ல பாட்டிலுக்குக் கொடுத்தால் கிளாஸில் கூடுதல் தரம் கிடைக்கும். இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

கன்னங்குறிச்சி:

ஓட்டல் வேலை, பல வருஷமா பாட்டில் திறந்து ஊத்தற கை. இதுவரைக்கும் யாரும் சொல்லாத ஒண்ணைச் சொல்றேன். நம்ம சேலத்து வெயில்.

ஒயின் பாட்டிலை வெச்சிருக்கறதுக்கு ஏத்த சூடு 12-ல இருந்து 14 டிகிரி. சித்திரையில சேலம் நாற்பதைத் தொடுது. ஏசி இல்லாத குடோன்ல, வெயில் படற கண்ணாடி அலமாரியில நின்ன பாட்டில் எட்டாயிரம் ரூபாயா இருந்தா என்ன, அறுநூறா இருந்தா என்ன? உள்ள வெந்து போயிருக்கும். பழ வாசனை செத்து, ஜாம் காய்ச்சின வாசம் வரும். கார்க் வாயை விட்டு லேசா மேல எழும்பியிருந்தா, மூடிக்குக் கீழ பிசுபிசுன்னு கசிஞ்சிருந்தா தொடாதீங்க. ஒரு புதுமனை புகுவிழாவுல பெரிய மனுஷர் ஒருத்தர், பரிசா வந்த பிரெஞ்சு பாட்டிலை ஷோகேஸ்ல வருஷக்கணக்கா நிறுத்தி வெச்சிருந்ததை எடுத்து "பழசாக ஆக ருசி"ன்னு சொல்லித் திறக்கச் சொன்னார். நிறமே செங்கல் பொடி கலந்த மாதிரி, மூக்குகிட்டயே போகல. அவர் முகம் வாடிப்போச்சு, எனக்கும் கஷ்டமா இருந்துச்சு. கடையில விக்கிற ஒயின்ல பெரும்பாலானது சில வருஷத்துக்குள்ள குடிக்கிறதுக்குன்னே செஞ்சது. வருஷக்கணக்கா வளர்ற ஒயின் ரொம்பக் கொஞ்சம், அதுவும் குளிர்ல படுக்க வெச்சிருந்தாத்தான்.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்துல குடிக்கணும்னு படிச்சிருப்பீங்க. அது குளிர் தேசத்து அறை, 16, 18 டிகிரி. சேலத்துல அரை மணி நேரமாவது ஃபிரிட்ஜ்ல வெச்சு எடுங்க. அந்த ஒரு காரியத்துலயே ஆயிரம் ரூபாய் பாட்டில் வேற ஒயின் ஆயிடும். ஏற்காட்டு மார்கழிக் குளிர்ல இந்தக் கவலையே வேணாம். வெள்ளை ஒயின்னா 8, 10 டிகிரி.

விலை எவ்வளவுன்னாலும் ஈர அட்டைப்பெட்டி வாசம் அடிச்சா அது கார்க்ல வந்த கெடுதல், டிசிஏ-ன்னு சொல்வோம். திருப்பிக் கொடுக்கலாம். திருகு மூடி போட்ட பாட்டில்ல அந்தத் தொல்லை ரொம்ப அபூர்வம். திருகு மூடின்னா மட்டம்னு நினைக்கறதை விடுங்க.

ஐந்துரோடு:

நம்ம சாப்பாட்டுக்கு எது ஒத்துப்போகும்? வீட்டுல பள்ளிபாளையம் சிக்கன்தான் அடிக்கடி.

கன்னங்குறிச்சி:

வர மிளகாய் காரத்துக்குத் துவர்ப்பு ஜாஸ்தி உள்ள சிவப்பு ஒயின் வேணாம் தம்பி. துவர்ப்பும் ஆல்கஹாலும் சேர்ந்து எரிச்சலைத் தூக்கிவிடும். பாட்டில்ல செனின் பிளாங்னு ரகப் பேர் இருக்கானு பாருங்க. இந்தியாவுல நெறைய விளையுது, விலையும் கையைக் கடிக்காது. லேசா இனிப்பு நிக்கிற மாதிரி செஞ்சதா எடுத்து நல்லாக் குளிர வெச்சுக் குடிங்க, காரம் அடங்கும்.

மிளகுக்கொடி:

ஆட்டுக்கறி மிளகு வறுவல்னா ஷிராஸ். எங்க வீட்டுல பண்ணிப் பார்த்தது. வர மிளகாயைக் குறைச்சு, மிளகை அப்பவே இடிச்சுப் போடணும், பொடியா வாங்கினது வேணாம்.