டப்ளின் – கார்க்: மோட்டார்வேக்கு முந்தைய பழைய சாலையில் இன்று போவது எப்படி?

லிஃபிக்கரை:

வணக்கம். எம்7, எம்8 மோட்டார்வே பிடித்தால் டப்ளினிலிருந்து கார்க்குக்கு இரண்டரை மணி நேரம் என்பது தெரிந்ததே. எனக்கு வேண்டியது அதற்கு முன்னால் இருந்த வழி. வீட்டில் ஒருவர் லேர்னர் பெர்மிட்டில் (பழகுநர் உரிமம்) ஓட்டுகிறார், மோட்டார்வேயில் ஏற அனுமதி இல்லை. ஊர்களைப் பார்த்தபடி போனால் அவருக்கும் பழக்கம் ஆகும்.

1. எந்த ஊருக்குப் பின் எந்த ஊர், எங்கே வழி தவறும்?
2. பழைய சாலை அறுபடாமல் இருக்கிறதா?
3. 1990களில் இதே தூரத்துக்கு நாலு, ஐந்து மணி நேரம் ஆகும் என்கிறார்கள். 255 கி.மீ.தானே, ஏன் அவ்வளவு?

பழையவழி:

முதல் இரண்டு கேள்விக்கு நான் சொல்கிறேன்.

டப்ளினிலிருந்து நேஸ் வரை என்7 (என் என்றால் தேசியச் சாலை). மூன்று லேன், வண்டிகள் வேகமாகப் போகும், ஆனால் சட்டப்படி அது மோட்டார்வே இல்லை. லேர்னர் ஓட்டலாம். கட்டாயம் இறங்க வேண்டிய இடம் ஜங்ஷன் 9, நேஸ் வடக்கு. சாலைக் குறிகள் வரைந்த 9 மீட்டர் பந்து ஒன்று ஓரத்தில் நிற்கும் (1995இல் வைத்த சிற்பம்), அடையாளத்துக்கு அது போதும். அதைத் தாண்டி நேரே போனால் எம்7. 1983இல் திறந்த நேஸ் பைபாஸ்தான் அயர்லாந்துக் குடியரசின் முதல் மோட்டார்வே என்பதால், பழைய வழியில் போகிறவர் முதலில் விலகுவதும் அங்கேதான்.

நேஸிலிருந்து ஆர்445 (ஆர் என்றால் பிராந்தியச் சாலை). நியூபிரிட்ஜ், கர்ரா சமவெளி, கில்டேர், மொனாஸ்டரெவின், பாலிபிரிட்டாஸ், போர்ட்லீஷ். கர்ராவில் வேலி கிடையாது, ஆடுகள் சாலைக்கே வரும். மாலை மங்கும் நேரத்தில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆடு கடந்துவிட்டது என்று பிரேக்கிலிருந்து காலை எடுக்காதீர்கள், பின்னாலேயே இரண்டாவது வரும்.

போர்ட்லீஷில் ஒரு பிரிவு. ஆர்445 அப்படியே லிமரிக் பக்கம் போய்விடும். உங்களுக்கு வேண்டியது அபிலீக்ஸ் பலகை. முன்பு என்8 ஆக இருந்த இந்தத் துண்டு இன்று என்77. அபிலீக்ஸ் தாண்டி டரோ வரை அதே எண். டரோவில்தான் பலர் தவறுவார்கள்: என்77 கில்கென்னிக்குத் திரும்பிவிடும், எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் நீங்களும் கில்கென்னிக்குத்தான். டரோவில் என்77ஐ விட்டுவிட்டு ஆர்639, கல்லஹில் என்று பார்த்துத் திரும்புங்கள்.

அங்கிருந்து கார்க் வரை ஆர்639 தான். கல்லஹில், ஜான்ஸ்டவுன், அர்லிங்ஃபர்ட், லிட்டில்டன், ஹார்ஸ் அண்ட் ஜாக்கி (இதுவும் ஊர்ப் பெயர்தான்), கேஷல், நியூ இன், கேர், மிட்சல்ஸ்டவுன், ஃபெர்மாய், ரத்கார்மக், வாட்டர்கிராஸ்ஹில், கிளன்மயர். கேரில் ஊருக்குள் போய், சதுக்கத்திலிருந்து கோட்டையை ஒட்டிய பாலத்தில் ஷூர் ஆற்றைக் கடப்பதுதான் 1991இல் பைபாஸ் வருவதற்கு முந்தைய வழி.

அறுபட்டிருக்கிறதா என்றால், இல்லை. மோட்டார்வே ஜங்ஷன்களுக்குப் பக்கத்தில் பழைய சாலையை வளைத்து ரவுண்டானாவில் சேர்த்திருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் லேர்னருக்கு ஆபத்தே அந்த ரவுண்டானாக்கள்தான். தப்பான வாயில் வெளியே வந்தால் அது மோட்டார்வேக்கு ஏறும் சாய்தளமாக இருக்கும், பின்னால் எடுக்க வழியே இல்லை. சந்தேகம் வந்தால் ரவுண்டானாவை இன்னொரு சுற்றுச் சுற்றுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

பலகை விஷயம் முக்கியம். நீலம் மோட்டார்வே, பச்சை தேசியச் சாலை, வெள்ளை பிராந்தியச் சாலை. வெள்ளைப் பலகைக்குள் நீலக் கட்டம் இருந்தால் "இந்தப் பக்கம் போனால் மோட்டார்வே கிடைக்கும்" என்று பொருள். 'கார்க்' என்ற பெயரைத் தேடினால் ஒவ்வொரு தடவையும் அந்த நீலக் கட்டத்துக்குத்தான் இழுத்துப் போகும். அடுத்த சிற்றூரின் பெயரைத் தேடுங்கள், கார்க்கை மறந்துவிடுங்கள்.

மைல்கல்:

மூன்றாவது கேள்வி. தூரம் காரணம் இல்லை. ஊருக்கு வெளியே அந்தச் சாலை நல்ல சாலைதான், பல இடங்களில் ஓரப்பட்டையோடு அகலமாகவே இருந்தது. நேரத்தைத் தின்றது ஒவ்வொரு ஊரின் கடைத்தெரு.

கணக்காகப் பாருங்கள். ஒரு லேனில் பச்சை விளக்கு விடாமல் எரிந்தால் மணிக்குச் சுமார் 1800 கார் போகும். ஊருக்குள் பச்சை பாதி நேரம்தான் என்றால் 900. வெள்ளிக்கிழமை மாலை வெளிச்சாலை மணிக்கு 1200 காரைக் கொண்டுவந்து தள்ளுகிறது என்று வையுங்கள். 300 கார் மிச்சம். இடைவெளியோடு காருக்கு 7 மீட்டர் என்றாலும் ஒரு மணி நேரத்தில் இரண்டு கி.மீ. வரிசை சேர்ந்துவிடும். இதற்கு மேல், வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் ஒரே ஒரு கார், கடை வாசலில் சரக்கு இறக்கும் ஒரு லாரி. திரும்புவதற்கென்று தனி லேன் இல்லாத தெருவில் அந்த ஒரு வண்டிக்காக மொத்த வரிசையும் நிற்கும்.

இன்னொரு குணமும் உண்டு. ஒரு ஊருக்கு பைபாஸ் வந்தால் நெரிசல் தீராது, அடுத்த ஊருக்குக் குடிபோகும். இதுவரை கில்டேரில் சொட்டுச் சொட்டாக வடிகட்டி அனுப்பப்பட்ட வண்டிகள் இப்போது மொத்தமாக மொனாஸ்டரெவின் வாசலில் வந்து நிற்கும். வரிசையாகத் திறக்காமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறந்ததால் இது இருபத்தேழு வருடம் நடந்தது. நேஸ் 1983, கேர் 1991, கிளன்மயர் 1992, நியூபிரிட்ஜ் 1993, போர்ட்லீஷ் 1997, வாட்டர்கிராஸ்ஹில் 2003, அதே 2003 டிசம்பரில் கில்டேர், 2004இல் கேஷலும் மொனாஸ்டரெவினும், 2006இல் ரத்கார்மக் – ஃபெர்மாய் டோல் சாலை. மீதித் துண்டுகள் 2008இலிருந்து ஒவ்வொன்றாக வந்து, 2010 மே 28 அன்று போர்ட்லீஷ் – கல்லஹில் திறந்தபோதுதான் டப்ளின் – கார்க் முழுதும் இணைந்தது. அதாவது அபிலீக்ஸ், டரோ இரண்டும் கடைசிவரை கார்க் போக்குவரத்து முழுவதையும் தெருவிலேயே சுமந்தன. அபிலீக்ஸின் அகலமான தெருவைப் பார்த்தால் இங்கே எப்படி நெரிசல் வரும் என்று தோன்றும். தெரு அகலம்தான், இரண்டு பக்கமும் பார்க்கிங் போக ஓடியது ஒரு லேன்.

கில்டேர் ஏன் அவ்வளவு தாமதம் என்றால் நீர். பைபாஸுக்குத் தோண்ட வேண்டிய பள்ளம் கர்ராவின் சரளைப் படுகையில், நிலத்தடி நீர் மட்டத்துக்குக் கீழே இறங்குகிறது. அதே நீர்தான் பக்கத்தில் பொல்லார்ட்ஸ்டவுன் சதுப்புக்கு ஊற்று. கிராண்ட் கால்வாய்க்குத் தண்ணீர் தருவதும் அந்தச் சதுப்பு. பள்ளத்தை அப்படியே விட்டால் ஊற்று பள்ளத்துக்குள் வடிந்துவிடும். அங்கே இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள அரிய நத்தைகள் வேறு, ஐரோப்பியச் சட்டப் பாதுகாப்போடு. கடைசியில் நீர் புகாத விரிப்பு போட்டுச் சாலைப் பள்ளத்தையே தொட்டி மாதிரி கட்டினார்கள். நத்தையால் நின்றது என்று இன்றும் கேலி பேசுவார்கள். நத்தை இல்லாவிட்டாலும் நிலத்தடி நீர்ப் பிரச்சினை அப்படியேதான் இருந்திருக்கும்.

அந்தக் காலத்தில் வழி தெரிந்தவர்கள் கில்டேரைச் சுற்றிக்கொண்டு போக கர்ரா முகாம், சன்க்ராஃப்ட், நர்னி, கில்டாங்கன் என்று உள்வழியாக மொனாஸ்டரெவின் வரலாம். முழுக்கவே வேறு வழி வேண்டுமென்றால் கார்லோ, கில்கென்னி, காலன், குளோன்மெல் வழியாக கேரில் வந்து சேரலாம். தூரம் கொஞ்சம் கூடும். பேங்க் ஹாலிடேக்கு (பொது விடுமுறை) முந்தைய வெள்ளிக்கிழமை அது லாபம், சாதாரண செவ்வாய்க்கிழமை நஷ்டம்.

லிஃபிக்கரை:

இருவருக்கும் நன்றி. போன் மேப்பில் 'மோட்டார்வே தவிர்' என்று போட்டுப் பார்த்தேன். என்7ஐயும் தவிர்த்து, பெயரே கேள்விப்படாத கிராமங்கள் வழியாகக் காட்டுகிறது. என்ன செய்வது? ஓவர்டேக் பற்றியும் சொல்லுங்கள்.

ஷானன்பக்கம்:

அந்த செட்டிங்கை நம்பாதீங்க. அதுக்குப் பெரிய சாலை எல்லாமே ஒண்ணுதான், எல் எண் போட்ட உள்ளூர்ச் சாலைக்குள்ள தள்ளிவிட்டுடும். அந்தச் சாலைகளுக்குப் பொது வேக வரம்பே 2025 பிப்ரவரியிலிருந்து மணிக்கு 60 கி.மீ. தான். எதிர்ல டிராக்டர் வந்தா ஒதுங்கக்கூட இடம் இருக்காது.

செட்டிங்கை அணைச்சிட்டு முக்கியமான ஊர்களை நிறுத்தங்களாச் சேருங்க. ஒரே பயணத்துல பத்து நிறுத்தத்துக்கு மேல ஏறாது, அதனால கேஷலோட முடிச்சிட்டு அங்கிருந்து இரண்டாவதா போடுங்க. ஒரு பொறி இருக்கு: ஜான்ஸ்டவுன்னு ரெண்டு ஊர், ரெண்டுமே இதே வழியில. ஒண்ணு நேஸ் பக்கத்துல கில்டேர் மாவட்டம், உங்களுக்கு வேண்டியது கில்கென்னி மாவட்டத்து ஜான்ஸ்டவுன். டரோவும் அப்படித்தான், ஆஃபலி மாவட்டத்துல இன்னொண்ணு இருக்கு. மாவட்டப் பெயரையும் சேர்த்துத் தட்டுங்க. நிறுத்தத்தை ஊர் நடுவுல வைங்க. ஓரமா வச்சா அதுவே நைசா மோட்டார்வேயில ஏத்தி அடுத்த ஜங்ஷன்ல இறக்கிவிடும்.

ஓவர்டேக்: ஓரத்துல விட்டுவிட்டுப் போகும் மஞ்சள் கோடு இருந்தா அதுக்கு வெளியே ஓரப்பட்டை. பழைய நாள்ல லாரியும் டிராக்டரும் மஞ்சள் கோட்டைத் தாண்டி ஒதுங்கி வழி விடும், முந்தினவர் இண்டிகேட்டரை ரெண்டு தடவை தட்டி நன்றி சொல்லுவார். இன்னமும் இது உண்டு. ஆனா லேர்னர் ஒதுங்கக் கூடாதுன்னுதான் நான் சொல்லுவேன். ஓரப்பட்டை திடீர்னு முடிஞ்சுடும், சைக்கிள்காரர் இருப்பார், வீட்டு வாசல்கள் அதுலதான் திறக்கும். பின்னால ஆள் நெருக்கினா அடுத்த ஊர்ல இடம் பார்த்து நிறுத்தி அனுப்பிடுங்க.

அர்லிங்ஃபர்ட்டுக்கும் லிட்டில்டனுக்கும் நடுவுல கரிச் சதுப்பு நிலம். இப்படிப்பட்ட நிலத்துல போட்ட சாலை ஒரே சீரா அமுங்காது, அலை அலையா ஆயிடும். பார்க்கத் தட்டையா இருக்கும், வேகமாப் போனாத்தான் வண்டி துள்ளுறது தெரியும். பின் சீட்ல ஆளும் டிக்கியில பெட்டியும் இருந்தா ஷாக் அப்சார்பர் அடி தாங்கி உட்கார்ந்துடும். ராத்திரியில எதிர்வண்டி வெளிச்சம் மேலும் கீழும் ஆடி, ஹை பீம் அடிக்கிற மாதிரி இருக்கும். பதிலுக்கு அடிக்காதீங்க.

ஆர் சாலைக்குப் பொது வரம்பு 80, பழைய என் சாலையா இருந்த சில துண்டுல 100 பலகை இருக்கும். ஊருக்குள்ள பொதுவா 50. சராசரி 65, 70க்கு மேல வராது, அதனால நாலு மணி நேரம் ஒதுக்குங்க. பெட்ரோலைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீங்க, பைபாஸ் வந்த பிறகு வழியோர பெட்ரோல் பங்குகள் பல மூடிட்டாங்க.

லேர்னர் பக்கத்துல உட்காருபவர் முழு லைசன்ஸ் எடுத்துக் குறைஞ்சது 2 வருஷம் ஆகியிருக்கணும். எல் பலகை முன்னாலயும் வேணும், பின்னாலயும் வேணும்.

மைல்கல்:

ஒரு சேர்க்கை. வழியில் பழைய சாலையின் மிச்சங்களைப் பார்க்க ஆசை இருந்தால் சாலையோரம் பிறை வடிவில் ஒதுங்கி, மறுபடி சாலையிலேயே வந்து சேரும் துண்டுகளைக் கவனியுங்கள். வளைவை நிமிர்த்தியபோது விட்டுப்போன அசல் சாலை அது. இன்று வண்டி நிறுத்தும் இடமாகவோ நாலு வீட்டுக்கான தெருவாகவோ இருக்கும். கை காட்டும் பழைய இரும்புப் பலகையில் டி (ட்ரங்க்) அல்லது எல் (லிங்க், இன்றைய உள்ளூர்ச் சாலை எல் இல்லை) என்று எண் இருந்தால் அது 1977இல் என், ஆர் எண்கள் வருவதற்கு முந்தையது. தூரம் மைலில் இருக்கும். வேக வரம்புகள் கிலோமீட்டருக்கு மாறியதே 2005 ஜனவரி 20 அன்றுதான்.

கல்லில் வெட்டிய மைல்கல் கண்ணில் பட்டால் அதன் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அயர்லாந்து மைல் 2240 கஜம், சாதாரண மைல் 1760. அதாவது 11 அயர்லாந்து மைல் என்பது 14 சாதாரண மைல். கல்லில் 44 என்று இருந்து உங்கள் கணக்கில் 56 வந்தால் கல் சரி, கணக்கும் சரி.

கால்வேகாரர்:

டப்ளினிலிருந்து கால்வே பக்கம் போகும் பழைய வழியைக் கேட்கப் போகிறவர்களுக்காக: ஆர்148 பிடித்து லீக்ஸ்லிப், மேனூத், கில்காக், என்ஃபீல்ட், கினிகாட். பிறகு ஆர்446இல் மில்டவுன்பாஸ், ராச்ஃபர்ட்பிரிட்ஜ், டிரல்ஸ்பாஸ், கில்பெகன், மோட், அத்லோன், பாலினஸ்லோ, ஆக்ரிம், லாக்ரே, கிராவெல், ஓரன்மோர். இதில் கினிகாட்தான் நெரிசலின் குப்பிக் கழுத்து. ஸ்லைகோ சாலையும் கால்வே சாலையும் ஊரின் மேற்குக் கோடியில் பிரிவதால் 2005 வரை இரண்டு பக்க வண்டியும் ஒரே கடைத்தெருவில் ஓடியது. அடுத்தது மோட், அது 2008 வரை. இன்று இரண்டுமே அமைதியான ஊர்கள், லேர்னருக்கு கார்க் வழியைவிட இது எளிது. ஜூலைக் கடைசியில் குதிரைப் பந்தய வாரத்தில் மட்டும் ஓரன்மோர் பக்கம் போகாதீர்கள்.

பழையவழி:

பந்தயம் என்றதும் நினைவு வந்தது. கார்க் வழியில் தர்லெஸ் பக்கம் பெரிய ஹர்லிங் (அயர்லாந்தின் மட்டைப் பந்து விளையாட்டு) ஆட்டம் இருக்கும் ஞாயிறு பார்த்துக் கிளம்புங்கள். ஹார்ஸ் அண்ட் ஜாக்கியில் தர்லெஸ் சாலை பிரிகிறது, ஆட்டம் தொடங்குவதற்கு முன்னும் முடிந்த பின்னும் அங்கே 1990கள் திரும்பி வந்துவிடும். பலத்த மழைக்குப் பின் ஃபெர்மாயில் பிளாக்வாட்டர் ஆற்றின் நிலவரத்தையும் பார்த்துவிடுங்கள். பாலம் மூடினால் பழைய வழியில் நேரான மாற்று கிடையாது, எம்8 பாலம் லேர்னருக்கு உதவாது. அப்போது லைசன்ஸ் உள்ளவர் கையில் ஸ்டியரிங் கொடுத்துவிட வேண்டியதுதான்.