புதுப்பிப்பு: டீசல் ரயில்காரில் முதல் கியர் பிடிக்காத சிக்கல் தீர்ந்தது

இங்கிலாந்தில் நான் வார இறுதிகளில் தன்னார்வலராகப் போகும் பாரம்பரிய ரயில் பாதையில், 1950களில் வந்த 101ஆம் வகுப்பு (Class 101 என்ற மாடல்) ரயில்காரை, அதாவது தனி இன்ஜின் வண்டி இல்லாமல் தானே ஓடும் பயணிகள் பெட்டியை, சீரமைக்கிறோம். தரைக்கடியில் இருக்கும் இரண்டு 150 குதிரைத்திறன் இன்ஜின்களில் ஒன்று மட்டும் முதல் கியரில் இழுக்கவில்லை என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

இதில் கியர் விழுவது காற்றழுத்தத்தால். முதலில், முதல் கியருக்குக் காற்றைத் திறந்துவிடும் மின்காந்த வால்வை இரண்டாம் கியருடையதோடு இடம் மாற்றிப் பார்த்தோம். கோளாறு முதல் கியரிலேயே நின்றது. ஆக வால்வு குற்றவாளி இல்லை. காற்றழுத்தமானியும் சரியாகவே காட்டியது. அதை நம்பித்தான் சில வாரம் வீணாய்ப் போயிற்று.

கைகொடுத்தது, "இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள்" என்ற யோசனைதான். வால்விலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் செம்புக் குழாயில், நட்டுக்குச் சற்றுக் கீழே முடி மாதிரி ஒரு விரிசல். கியர் போட்டதும் அங்கே குபுகுபுவென்று நுரை. மானி வால்வுக்கு முன்னாலேயே இருப்பதால் இந்தக் கசிவு அதில் தெரியவில்லை.

எதிர்பாராதது ஒன்று: குழாயை மாற்றிய பிறகும் கியர் வழுக்கியது. அழுத்தம் குறைவாகவே ஓடியதில், கியர்பாக்ஸுக்குள் உருளையை இறுக்கிப் பிடித்து கியரை இயங்கவைக்கும் பட்டையான பேண்டு தேய்ந்திருந்தது. இன்ஜினை நிறுத்திவிட்டு, தொட்டியில் இருந்த காற்றிலேயே முதல் கியரை இருபது முறை போட்டு எடுத்தோம். பேண்டைத் தானாக இறுக்கும் அமைப்பு டிக், டிக்கென்று நகர்ந்து, அப்புறம் சத்தம் நின்றது. இப்போது இரண்டு இன்ஜினும் சேர்ந்து இழுக்கின்றன.