உப்புத் தண்ணி ஊரில் வயிற்று நோயாளியைக் கவனிப்பது: செவிலியர்களின் அனுபவப் பகிர்வு

தொண்டி பக்கம், கிராம சுகாதாரச் செவிலியர்

பேதிக்குத் தண்ணியில் கரைத்துக் கொடுக்கிற உப்பு-சர்க்கரைப் பொடியான ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைக்காத ஊர் இப்போது அநேகமாக இல்லை. அங்கன்வாடியில் இருக்கிறது, துணை சுகாதார நிலையத்தில் இருக்கிறது. நம் ராமநாதபுரம் கரையில் கோளாறு வருவது அதைக் கரைக்கிற தண்ணியில். இதை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஒரு லிட்டர் பாக்கெட்டில் 20.5 கிராம் பொடி. அதில் சாதாரண உப்பு 2.6, குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். உப்பே இல்லாத ஒரு லிட்டர் தண்ணியில் கரைத்தால் சோடியம் (உப்பில் இருக்கும் சத்து) 75 மில்லிமோல் என்ற அளவில் வரும். முன்பு 90 இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2002-ல் அதைக் குறைத்தது. இப்போது கரிக்கிற கிணத்துத் தண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 1 கிராம் உப்பு அதில் ஏற்கெனவே இருந்தால் சோடியம் இன்னும் 17 கூடி 92 ஆகிவிடும். 2 கிராம் இருந்தால் 109. பேதியால் வாடிய கைக்குழந்தைக்கு அது ஆகவே ஆகாது.

"நல்லாக் கொதிக்க வச்சுத்தான் சிஸ்டர் கலக்குனேன்" என்று தாய்மார்கள் சொல்வார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. தண்ணி வற்ற வற்ற உப்பு ஏறத்தான் செய்யும். ஆகவே காவிரிக் குடிநீரோ, விலைக்கு வாங்கிய கேன் தண்ணியோ, ஊத்தில் அள்ளிய நல்ல தண்ணியோ, வாயில் வைத்தால் கரிக்காத எதையாவது ஓ.ஆர்.எஸ்.ஸுக்கென்று தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பேதி வரும்போது தேடினால் கிடைக்காது. கொதிக்க வைத்து, ஆறிய பிறகு பொடியைப் போட வேண்டும். கலந்ததைத் திரும்பச் சூடாக்கக் கூடாது. 24 மணி நேரம் போனால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். கரிக்கும் தண்ணியைத் தவிர வேறு வழியே இல்லை என்றால் ஓ.ஆர்.எஸ்.ஸை நிறுத்திவிடாதீர்கள். இருப்பதில் கரிப்பு குறைந்ததில் கலக்கி, இடையிடையே தாய்ப்பால் கொடுக்கச் சொல்லிவிட்டு, நல்ல தண்ணிக்கு ஆள் அனுப்புங்கள்.

அளவு பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுச் செம்பு ஒரு லிட்டர் பிடிக்காது. காலி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்தான் நம்பகமான படி. 200 மி.லி. சின்னப் பாக்கெட்டும் கடையில் இருப்பதால், அதைப் பார்த்துப் பழகியவர்கள் பெரிய பாக்கெட்டையும் ஒரு டம்ளரில் கொட்டிவிடுகிறார்கள். பெரிய பாக்கெட்டைப் பாதி பாதியாகப் பிரிப்பதும் தப்பு. உப்பும் குளுக்கோஸும் பொடியில் ஒரே சீராகக் கலந்து இருக்காது.

2 வயதுக்குக் கீழே ஒவ்வொரு பேதிக்கும் பிறகு 50 முதல் 100 மி.லி., 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மி.லி. ஸ்பூனால் கொடுக்க வேண்டும். பால் புட்டி வேண்டாம். வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடர வேண்டும். துத்தநாக மாத்திரை 6 மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., 2 முதல் 6 மாதத்துக்கு 10 மி.கி., 14 நாள். பேதி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள். அடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்குப் பேதி திரும்ப வருவதைக் குறைக்கத்தான் மிச்ச நாட்கள் என்பதைக் கையில் அட்டையைக் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

மண்டபம், குழந்தைகள் வார்டு செவிலியர்

தொண்டி சிஸ்டர் சொன்ன உப்புக் கணக்கோடு ஒன்றைச் சேர்க்கிறேன். உப்பு ஏறிய குழந்தை நம் பரிசோதனையையே ஏமாற்றும்.

நீரிழப்பு பார்க்க வயிற்றுத் தோலைப் பிடிக்கிறோம். தொப்புளுக்கும் விலாப்பக்கத்துக்கும் நடுவில், கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும், நகம் படாமல், உடம்பின் நீளவாக்கில் மடித்து ஒரு நொடி பிடித்து விட வேண்டும். படிய 2 நொடிக்கு மேல் ஆனால் அது கடும் நீரிழப்பின் அடையாளம். ஆனால் சோடியம் ஏறிய பிள்ளைக்குத் தோல் பிசைந்த மாவைத் தொட்ட மாதிரி இருக்கும், மடிப்பு சீக்கிரம் படிந்துவிடும். நீரிழப்பு லேசுதான் என்று நினைக்க வைக்கும். அந்தப் பிள்ளை தண்ணிக்குப் பறக்கும், சிணுங்கிக்கொண்டே இருக்கும், தொட்டால் துள்ளும். அப்போது தாயிடம் எந்தத் தண்ணியில், எவ்வளவில், எத்தனை பாக்கெட் கலக்கினார்கள் என்று கேட்டு, கேஸ் ஷீட்டில் எழுதி, டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஏறிய சோடியத்தை மெதுவாகத்தான் இறக்க வேண்டும். சட்டென்று இறக்கினால் மூளை வீங்கி ஃபிட்ஸ் வரும். டிரிப்பின் வேகத்தை நம் இஷ்டத்துக்குக் கூட்டக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

கண் குழிந்து, ஆவலாகக் குடிக்கிற, இன்னும் மயங்காத பிள்ளைக்குக் கிலோவுக்கு 75 மி.லி. ஓ.ஆர்.எஸ். 4 மணி நேரத்தில் போக வேண்டும். 10 கிலோ பிள்ளைக்கு 750 மி.லி. கேட்கப் பெரிதாக இருக்கும். கணக்குப் போட்டால் நிமிஷத்துக்கு 3 மி.லி.தான், ஒரு டீஸ்பூன்கூட இல்லை. தாயின் கையில் டம்ளரையும் ஸ்பூனையும் கொடுத்து, மணிக்கு ஒருமுறை டம்ளரில் குறைந்திருப்பதைப் பார்த்து எழுதுங்கள். கண் இமை உப்பினால் ஓ.ஆர்.எஸ்.ஸை நிறுத்தி, தாய்ப்பாலோ வெறும் தண்ணியோ கொடுக்க வேண்டும்.

குடிக்க முடியாமல் துவண்டு கிடந்தால் ரிங்கர் லாக்டேட் டிரிப், மொத்தம் கிலோவுக்கு 100 மி.லி. ஒரு வயதுக்குள் என்றால் முதல் 30 மி.லி. ஒரு மணி நேரத்திலும், மீதி 70 மி.லி. 5 மணி நேரத்திலும் போக வேண்டும். ஒரு வயதைத் தாண்டியவர்களுக்கு அரை மணி, இரண்டரை மணி. வெயின் கிடைக்காவிட்டால் காத்திருக்க வேண்டாம். மூக்கு வழிக் குழாய் போட்டு, கிலோவுக்கு மணிக்கு 20 மி.லி. ஓ.ஆர்.எஸ். விடலாம். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர். பாம்பன் பாலத்தைத் தாண்டி அனுப்புகிற பிள்ளைக்கு டிரிப்போ குழாயோ போட்டு ஏற்ற வேண்டும். தாயின் மடியில் ஓ.ஆர்.எஸ். பாட்டிலும் இருக்க வேண்டும்.

ராமேஸ்வரம்

சுருக்கமாக. அமாவாசைக் கூட்டத்தில் வாந்தி பேதி என்று வருகிறவர்கள் கையில் பழ வாசனை போட்ட டெட்ரா பாக்கெட் இருக்கும். சர்க்கரை அதிகம், உப்பு குறைவு, பேதி கூடும். சரியான அளவில் இல்லாத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்தே வரக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் மிகக் குறைவு. பதநீரில் இனிப்பு அதிகம். உப்புப் போட்ட நீராகாரமும் அரிசிக் கஞ்சித் தண்ணியும் நல்லவை. லிட்டருக்கு 3 கிராம் உப்பு போதும், அதாவது தலை தட்டிய அரை டீஸ்பூன் அளவு. குடிதண்ணிக்குக் குளோரின் போடும்போது 0.5 கிராம் மாத்திரை ஒன்று 20 லிட்டருக்கு. அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

கீழக்கரை, உள்நோயாளிப் பிரிவு

உப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்பதால் ஈரல் சுருக்க நோயாளிகளையும் சேர்த்துக்கொள்கிறேன். வயிற்றில் நீர் கோத்தவருக்கு ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராம், கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டோம் என்பார்கள். தட்டில் ஒரு துண்டு கருவாடு இருக்கும். ஊறவைத்து அலசினாலும் கருவாட்டின் உப்பு முழுக்கப் போகாது. "வாப்பாவுக்குக் கருவாடு இல்லாம சோறு இறங்காது" என்று பிள்ளைகள் கெஞ்சும்போது முழுப் பத்தியம் சொல்லி அனுப்பினால் வீட்டில் நடக்காது. பச்சை மீனை எலுமிச்சை, மிளகு, புளி, சின்ன வெங்காயம் கூட்டி ஆக்கிக் கொடுக்கச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள். மீனையும் முட்டையையும் குறைக்க வேண்டாம். புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வேண்டும். ராத்திரி படுக்கும் முன் சிறிது ஆகாரமும் வேண்டும், இல்லாவிட்டால் தசை கரையும். கடையில் விற்கிற சோடியம் குறைந்த உப்பு இவர்களுக்கு ஆபத்து. அதில் பொட்டாசியம் இருக்கிறது. ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு கெடும்.

எடையைத் தினம் காலையில், சிறுநீர் போன பிறகு, சாப்பிடும் முன், ஒரே தராசில் எடுங்கள். கால் வீக்கம் இல்லாதவருக்கு நாளுக்கு அரைக் கிலோவுக்கு மேல் இறங்கினால் நீர் மாத்திரை கூடிப்போயிற்று. கால் வீக்கம் இருந்தால் ஒரு கிலோ வரை சரி. வயிற்றுச் சுற்றளவுக்குத் தொப்புள் மட்டத்தில் இரண்டு பக்கமும் பேனாவால் கோடு போட்டுக்கொண்டால் அடுத்த ஷிஃப்ட்டும் அதே இடத்தில் டேப் வைக்கும்.

ஈரல் கெட்டு வரும் மயக்கத்தைத் தடுக்கக் கொடுக்கிற மலமிளக்கியான லாக்டுலோஸ் சிரப்பின் அளவை மூடிக் கணக்கில் பார்க்காதீர்கள். நாளுக்கு 2 அல்லது 3 முறை இளக்கமாகப் போக வேண்டும், அதுதான் இலக்கு. ஆறேழு முறை தண்ணியாகப் போனால் நல்லது என்று வீட்டார் நினைப்பார்கள். நீரும் பொட்டாசியமும் குறைந்து, அதனாலேயே மயக்கம் வரும். பகலில் தூங்கி ராத்திரி விழித்திருப்பது, எரிந்து விழுவது, இரண்டு கையையும் நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னால் கை படபடவென்று அடிப்பது, இதெல்லாம் அந்த மயக்கத்தின் முதல் அடையாளம். தினம் காலையில் சார்ட்டின் ஓரத்தில் அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எழுத்து கோணுவது பேச்சு குழறுவதற்கு முன்பே தெரியும். தூக்க மாத்திரை மட்டும் கொடுத்துவிட வேண்டாம்.

சாயல்குடி பக்கம், நோய் ஆதரவு சிகிச்சை செவிலியர்

படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களுக்கு "வயித்தால போகுது, நிக்கவே இல்லை" என்று அழைப்பு வந்தால் பேதியை நிறுத்துகிற மாத்திரையோடு போகாதீர்கள். பல வீடுகளில் அது பேதியே இல்லை. மலம் கல்லாக இறுகி அடைத்திருக்கும். அதன் ஓரத்தில் தண்ணி மட்டும் கசிந்து வரும். அதற்குப் பேதியை நிறுத்தும் லோபரமைடு கொடுத்தால் அடைப்பு முழுசாகிவிடும். கேட்க வேண்டியது: கடைசியாகக் கட்டியாகப் போனது எப்போது? கசிவு கொஞ்சம் கொஞ்சமாக, தெரியாமலே வருகிறதா? கடும் வலிக்கான மார்ஃபின் மாத்திரை சாப்பிடுகிறாரா? மார்ஃபின் எழுதினால் மலமிளக்கியும் கூடவே இருக்க வேண்டும், முதல் நாளிலிருந்தே.

இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, கையுறையில் ஜெல்லி தடவி விரலால் பார்த்தால் தெரிந்துவிடும். ஆசனவாயில் வைக்கும் மலமிளக்கியான பிசாகோடில் சப்போசிட்டரியை மலத்துக்குள் குத்தி வைத்தால் வேலை செய்யாது. குடல் சுவரை ஒட்டி இருக்க வேண்டும். எனிமா பை படுக்கையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் உயரக் கூடாது, தண்ணி வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். வேகமாக இறங்கினால் வயிறு முறுக்கி, மலம் இளகுவதற்குள் தண்ணி வெளியே வந்துவிடும். கையால் எடுப்பது டாக்டர் சொன்னால் மட்டும். எடுக்கும்போது நாடித் துடிப்பு இறங்கினாலோ வேர்த்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். இதய நோயாளிக்கு இது விளையாட்டில்லை.

இந்தப் பெரியவர்கள் ஏன் இப்படி ஆகிறார்கள் என்றால், பாதி பேர் தண்ணியே குடிப்பதில்லை. குடம் விலை கொடுத்து வாங்குகிற வீட்டில், எழுப்பிக் கூட்டிப்போக ஆள் இல்லாத பகலில், ஆச்சி வேண்டுமென்றே தொண்டையை நனைப்பதோடு நிறுத்திக்கொள்வார். மருமகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பக்கத்தில் மூடி போட்ட பாட்டிலும் கைக்கெட்டும் பெட் பேனும் இருந்தால் அவரே குடிக்க ஆரம்பிப்பார். அப்படிக் குடிக்காதவருக்கு இசப்கோல் என்ற நார்ச்சத்துப் பொடியைக் கொடுக்கவே கூடாது. ஒரு முழு டம்ளர் தண்ணி இல்லாவிட்டால் அது உள்ளேயே உப்பி அடைத்துக்கொள்ளும்.

பாம்பன், அவசரப் பிரிவு

கருப்பு மலம் பற்றி. படகில் போகும் தம்பிகள் உடம்பு வலிக்கு மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள், பெரும்பாலும் வெறும் வயிற்றில். அட்டை இல்லாமல் பொட்டலமாகத் தருவதால் உள்ளே இருப்பது தெரியாது. வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்ந்திருந்தால் இரைப்பையில் புண்ணாகி ரத்தம் கசியும் அபாயம் பல மடங்கு. எச். பைலோரி கிருமி உள்ளவருக்கு இன்னும் கூடும்.

மலம் தார் மாதிரிக் கருத்து, பிசுபிசுத்து, தனி நாற்றம் அடித்தால் அது ரத்தம். இரும்புச் சத்து மாத்திரையாலும் கருக்கும். ஆனால் ஒட்டாது, அந்த நாற்றம் இருக்காது. மாத்திரை சாப்பிடுகிற கர்ப்பிணியை இதற்காகப் பயமுறுத்த வேண்டாம். காப்பித்தூள் போல வாந்தி வந்தாலும் ரத்தம்தான்.

வாலிப உடம்பு ரத்த அழுத்தத்தைக் கடைசி வரை விட்டுக்கொடுக்காது. பி.பி. 110 இருக்கிறது என்று ஆறுதல் அடையாமல் நாடியைப் பாருங்கள். 100-ஐத் தாண்டினால் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கை, வாய்வழி எதுவும் கிடையாது, 16 அல்லது 18 கேஜ் வென்ஃப்ளான் (டிரிப் ஏற்ற ரத்த நாளத்தில் போடும் குழாய்) இரண்டு, குரூப்பிங்குக்கும் கிராஸ் மேட்சிங்குக்கும் ரத்தம், சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி. குறையாமல் வருகிறதா என்ற கணக்கு. குளிர்ந்த பாலோ ஜெலுசிலோ ஊற்றிவிட்டுக் கூட்டி வராதீர்கள். எண்டோஸ்கோப்பியில் எதுவும் தெரியாமல் போகும். மயங்கினால் நுரையீரலுக்கும் ஏறும். கடலிலேயே ரத்த வாந்தி என்றால் கடலோரக் காவல் படையின் 1554-க்கு அழையுங்கள். கரைக்கு வந்ததும் 108.

மீன் சாப்பிட்டு வருகிறவர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. ஐஸ் பற்றாமல் வெயிலில் கிடந்த சூரை, கானாங்கெளுத்தி, சாளை சாப்பிட்ட சில நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்து, வயிற்றால் போனால் அது கெட்ட மீனில் உண்டாகும் ஹிஸ்டமின் என்ற பொருளின் வேலை. எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. மீன் அலர்ஜி என்று எழுதி அவரை ஆயுசுக்கும் மீன் தின்னாமல் பண்ணிவிட வேண்டாம். டாக்டர் அவில் என்ற அலர்ஜி மருந்தைக் கொடுத்தால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தெளிவார். மூச்சுத் திணறினாலோ பி.பி. இறங்கினாலோ அட்ரினலின் கையில் இருக்கட்டும். உதடும் நாக்கும் மரத்து, கை கால் சோர்ந்தால் கதை வேறு. அது நஞ்சுள்ள பேத்தை மீனாக இருக்கலாம். அதற்கு மாற்று மருந்து இல்லை. மூச்சுத் தசை நிற்கும், வென்டிலேட்டர் உள்ள இடத்துக்குப் போயாக வேண்டும். வாந்தியைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் மூச்சை எண்ணுங்கள், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக்கை ஆம்புலன்ஸில் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். மிச்ச மீன் இருந்தால் பையில் கட்டிக் கூடவே அனுப்புங்கள். அதே சட்டியில் சாப்பிட்ட மற்றவர்களையும் அப்போதே வரச் சொல்லிவிடுங்கள்.