அயர்லாந்தில் இருப்பவர்களே, புது நன்மை (கத்தோலிக்கப் பிள்ளைகள் சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் சடங்கு) சமயத்தில் உங்கள் பிள்ளைகளை எப்படிச் சமாளித்தீர்கள்?

வணக்கம். டப்ளினில் இருக்கிறோம். நாங்கள் இந்துக்கள், மகள் படிப்பது கத்தோலிக்கப் பள்ளியில். இங்கே பத்துத் தொடக்கப் பள்ளிகளில் கிட்டத்தட்ட ஒன்பது அப்படித்தானே. 2018 சட்டத்துக்குப் பிறகு ஞானஸ்நானச் சான்றிதழ் பார்த்து இடம் தருவதில்லை, அதனால் சேர்க்கையில் சிக்கல் வரவில்லை.

இப்போது செகண்ட் கிளாஸ். மே மாதம் வகுப்பில் பாதிக்கு மேல் புது நன்மை வாங்கப் போகிறார்கள். மதப் பாடத்திலிருந்து விலகிக்கொள்ள அரசியல் சாசனமே உரிமை தருகிறது, எழுதிக் கொடுத்துவிட்டோம். ஆனால் தனி அறையும் இல்லை, பார்த்துக்கொள்ள ஆளும் இல்லையாம். அதே வகுப்பில் கடைசியாக உட்கார்ந்து படம் வரைகிறாள். டீச்சர் அன்பானவர்தான், குறை சொல்ல மாட்டேன். குழந்தைதான் ராத்திரி படுக்கும்போது, "எனக்கு மட்டும் ஏன்மா வெள்ளை கவுன் கிடையாது?" என்கிறாள். ஏழு வயசுப் பிள்ளைக்கு என்ன சொல்வது?

இதைத் தாண்டி வந்தவர்கள் சொல்லுங்கள். அந்தச் சடங்குக்கான பாட்டுப் பயிற்சிக்காவது அனுப்பலாமா? அனுப்பினால் ஏக்கம் குறையுமா, கூடுமா? அன்றைக்கு சர்ச்சுக்குக் கூட்டிப்போனீர்களா?

அப்புறம், தோழிகளுக்குக் கார்டில் பணம் வைத்துக் கொடுக்கிறார்களே, நம்மூர் மொய் மாதிரி. எத்தனை யூரோ வைப்பது வழக்கம்?