கேனரிக் குஞ்சுகள் பொரித்த மறுநாளே சாகின்றன – பெட்டையை மாற்ற வேண்டுமா?

பாலக்கோடு கூண்டுக்காரன்

வணக்கம். ஊர் பாலக்கோடு. லவ் பேர்ட்ஸ், ஃபிஞ்ச் எல்லாம் நெடுநாளாக வளர்க்கிறேன், கேனரி இந்த வருடம்தான். ஒரே ஜோடி. ஆசாரியிடம் சொல்லிச் செய்த மரச்சட்டக் கூண்டு, மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது.

முதல் ஈடு முழுக்கக் கூழ்முட்டை. அதை அப்புறம் கேட்கிறேன். இரண்டாவது ஈட்டில் 4 முட்டை, நான்கும் பொரிந்துவிட்டது. ஒரே நாளில் இல்லை, நாளுக்கு ஒன்றாக. கடைக்குட்டிகள் இரண்டும் பொரிந்த மறுநாளே போய்விட்டன. மூத்தவை இரண்டு இருக்கின்றன. ஆனால் பழைய துள்ளல் இல்லை. கூட்டைத் தட்டினால் வாயைத் திறக்கின்றன, உடனே தலையைத் தொங்கப் போட்டுவிடுகின்றன.

வாங்கிய கடையில் கேட்டால், "இந்தப் பெட்டைக்கு ஊட்டத் தெரியல, வித்துட்டு வேற எடுங்க" என்கிறார். தண்ணீரில் கலக்க ஒரு மஞ்சள் பொடியும் கொடுத்தார். பெட்டையை மாற்றுவதா, நானே கையால் ஊட்டுவதா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஓசூர் கேனரி

தம்பி, பெட்டையை விற்காதீர்கள். நான்கையும் பொரிக்கும்வரை ஒழுங்காக அடைகாத்த பறவை அது. பொடியையும் நிறுத்துங்கள். என்ன நோய் என்றே தெரியாமல் மருந்து கலந்தால் என்ன பயன்? தண்ணீர் கசந்தால் தாய் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும், அது ஊட்டுவதையும் பாதிக்கும்.

கடைக்குட்டிகள் போனதற்குக் காரணம் ஊகிக்கலாம். கேனரி தினம் காலையில் ஒரு முட்டை இடும், முதல் முட்டையிலேயே உட்கார்ந்துவிடும். அதனால் பொரிப்பதும் நாளுக்கு ஒன்று. மூத்தது மூன்று நாளில் பல மடங்கு பெருத்துவிடும். கழுத்தை நீட்டி முதலில் வாய் திறப்பதும் அதுதான். கடைசியில் வந்தது அதற்கு அடியில் நசுங்கிக் கிடக்கும். அடுத்த ஈட்டில் முட்டையை மாற்றி வையுங்கள், எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

மூத்தவையும் வாடுவதுதான் எனக்கு இடிக்கிறது. மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். செத்தது பகலிலா, ராத்திரியிலா? விளக்கு அணைக்கும் முன் கழுத்தடியில் இரைப்பை புடைத்திருக்கிறதா? வாயின் உட்புறம் நல்ல சிவப்பா, வெளுப்பா?

அரூர் நாட்டுக்கோழி

எனக்குக் கேனரி தெரியாது, கோழி தெரியும். மாடிப்படிக்கு அடியில் என்கிறீர்களே, அங்கே கோழி அடைகிறதா?

பாலக்கோடு கூண்டுக்காரன்

ஓசூர் அண்ணா, இரண்டுமே விடியற்காலையில்தான் செத்துக் கிடந்தன. சாயங்காலம் பார்த்தால் மூத்தவை இரண்டுக்கும் இரைப்பை நிறைந்திருக்கிறது, தோலுக்கு உள்ளே மஞ்சளாகத் தெரிகிறது. வாய் வெளுத்துத்தான் இருக்கிறது.

அரூர் அண்ணா, ஆமாம். அம்மா வளர்க்கும் கோழிகள் ராத்திரியில் அதே படிக்கு அடியில்தான் அடையும்.

அரூர் நாட்டுக்கோழி

அப்படியானால் செள்ளு. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பென்னாகரம் 77

எங்களுக்கும் வந்தது. எறும்புப் பவுடரைக் கூண்டைச் சுற்றித் தூவினால் போய்விடும். கொஞ்சம் மண்ணெண்ணெய் தடவினாலும் சரி.

ஓசூர் கேனரி

பென்னாகரம் நண்பரே, கூட்டில் குஞ்சு இருக்கும்போது இரண்டும் வேண்டாம். எறும்புப் பவுடர் பூச்சிமருந்து. தாயின் காலில் ஒட்டிக் குஞ்சின் வெறும் தோலுக்குப் போகும். மண்ணெண்ணெய் வாடையைச் சின்னப் பறவைகளின் நுரையீரல் தாங்காது.

தம்பி, அரூர்க்காரர் சொல்வதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது. பகலில் வயிறு நிறைகிறது என்றால் தாய்க்கு ஊட்டத் தெரிகிறது. கெடுவது ராத்திரியில். கோழிச் செள்ளு பகல் முழுக்க மர இடுக்கில் ஒளிந்திருக்கும், இருட்டியதும் வந்து இரத்தம் குடிக்கும். ஒன்று 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. பசியில் சாம்பல் நிறம், குடித்துவிட்டால் சிவப்பு. இறகு முளைக்காத குஞ்சில் இருக்கும் இரத்தமே சில சொட்டுதான். கடி தாங்காமல் தாயும் எழுந்துபோனால் அதுகள் குளிரில் விறைத்துவிடும். முதல் வாரம் தாயின் சூடு இல்லாமல் அவை பிழைக்காது.

உறுதிசெய்து கொள்ளுங்கள். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சோடு போய், பறவை உட்காரும் குச்சியின் இரண்டு முனைகளையும் கூட்டின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். வெள்ளைத் துணியால் துடைத்தால் சிவப்புக் கோடு விழும்.

இருந்தால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். அதே அளவில் வேறொரு கூட்டுக் கிண்ணத்தில் புதுத் தேங்காய் நார் வைத்து, கையைச் சூடாக்கிக்கொண்டு குஞ்சுகளை மாற்றுங்கள். கையில் ஏதாவது ஊர்ந்தால் ஈர விரலால் ஒற்றி எடுங்கள். வேறு கம்பிக் கூண்டில் அதே உயரத்தில், அதே மூலையில் கிண்ணத்தை மாட்டிவிட்டுத் தாயை விடுங்கள். பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். அது உட்கார்ந்து அமரும்வரை ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

பழைய நாரை எரித்துவிடுங்கள். மரக்கூண்டின் இடுக்கெல்லாம் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, ஒரு வாரத்தில் மறுபடியும் ஊற்றுங்கள். முட்டையில் இருந்து புதிதாக வருவது அப்போது மாட்டும். இடுக்குகளைப் பட்டி வைத்து அடைப்பது அதற்குப் பிறகு. காலியாகக் கிடந்த கூண்டுதானே என்று நம்ப முடியாது. செள்ளு சாப்பாடில்லாமல் பல மாதம் தாக்குப்பிடிக்கும். பறவைக்குச் சொட்டு மருந்து போடுவதென்றால் கால்நடை மருத்துவர் எடை பார்த்துச் சொல்லும் அளவில் மட்டும்.

பாலக்கோடு கூண்டுக்காரன்

இருந்தது அண்ணா. குச்சி முனையைத் திருகி எடுத்தால் உள்ளே மிளகாய்ப்பொடி கொட்டினதுபோல. துணியும் சிவந்துவிட்டது. நீங்கள் சொன்னபடியே பழைய ஃபிஞ்ச் கூண்டுக்கு மாற்றி, கூண்டை முன் அறைக்குக் கொண்டுவந்தாச்சு. தாய் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி வந்தது, பிறகு உட்கார்ந்துவிட்டது. இன்று காலை இரண்டு குஞ்சும் உயிரோடு இருக்கின்றன. கையால் ஊட்ட வேண்டுமா?

கிருஷ்ணகிரி மாடிவீடு

தாய் ஊட்டும்போது நீங்கள் எதற்குத் தம்பி? தண்ணியாக ஊட்டி மூச்சுக்குழலில் இறங்கினால் அத்தோடு சரி. தாய்க்கு நல்லதாக வையுங்கள், அது பார்த்துக்கொள்ளும்.

நன்றாக வெந்த முட்டையை மசித்து, ரஸ்க் தூளோடு உதிரியாகப் பிசைந்து கொடுங்கள். கையில் ஒட்டக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிடுங்கள். நம் ஊர் வெயிலில் முட்டை மதியத்துக்குள் கெட்டுவிடும். தாய்க்குக் கழிச்சல் வந்து கூடு ஈரமாவது பெரும்பாலும் இதனால்தான்.

தானியத்தில் கேனரி விதைதான் முக்கியம். தினையை மட்டும் போட்டு வளர்க்க முடியாது. கடைக்கலவையில் நைஜர் என்று கறுப்பாக இருப்பது நம் பேயெள்ளுதான். இந்தப் பக்கத்துக் காட்டிலேயே விளைகிறது, பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் ரகமே வெளியிட்டிருக்கிறார்கள். கடைகாரரிடம் தனி விலை கொடுக்காதீர்கள். எண்ணெய் அதிகம், அதனால் கொஞ்சமாகப் போடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை (கணவாய் ஓடு) வாங்கிக் கூண்டில் செருகுங்கள், அடுத்த ஈட்டு முட்டை ஓட்டுக்கு அது வேண்டும்.

பாலக்கோடு கூண்டுக்காரன்

நன்றி அக்கா. முட்டை மாற்றுவது எப்படி, முதல் ஈடு ஏன் கூழானது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஓசூர் கேனரி

முட்டை மாற்றுவது சுலபம். தினம் காலையில் ஸ்பூனால் எடுத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் முட்டையை வையுங்கள். எடுத்ததைப் பஞ்சு போட்ட கிண்ணத்தில், குளிர்ந்த இடத்தில் வைத்து, நாளுக்கு இரண்டு முறை திருப்பிவிடுங்கள். ஃப்ரிட்ஜ் வேண்டாம். நான்காவது முட்டை அன்று எல்லாவற்றையும் திருப்பி வைத்தால் 13-14 நாளில் சேர்ந்தாற்போல் பொரியும். அடைகாத்து ஒரு வாரமானதும் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பு நரம்பு ஓடினால் கரு, தெளிவாக இருந்தால் கூழ்.

முதல் ஈடு கூழாவதற்குப் பெரும்பாலும் ஆண் தயாராகாததுதான் காரணம். பெட்டை கூடு கட்டத் தொடங்கியிருக்கும், ஆண் இன்னும் தொண்டை திறந்து பாடியிருக்காது. கேனரிக்குப் பருவத்தைச் சொல்வது பகலின் நீளம். நம் பகுதியில் பகல் வருடம் முழுக்க ஏறக்குறைய 11½ மணி நேரத்துக்கும் 13 மணி நேரத்துக்கும் நடுவேதான் ஆடுகிறது, அதனால் ஜோடி சேர்ப்பதற்கு முன்பே விளக்கு போட்டு மெல்ல 14 மணி நேரம் வரை நீட்டுங்கள். உட்காரும் குச்சி ஆடாமல் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆடினால் சேர்க்கையே சரியாக நடக்காது.

பாலக்கோடு கூண்டுக்காரன்

ஒரு வாரத்துக்கு மேலாயிற்று. இரண்டும் நன்றாக இருக்கின்றன, இறகு வந்துவிட்டது. ஆனால் இப்போது தாயே குஞ்சுகளின் முதுகு இறகைப் பிடுங்குகிறது. மறுபடியும் செள்ளா?

ஓசூர் கேனரி

துணி வைத்துப் பாருங்கள். சுத்தமாக இருந்தால், அது அடுத்த கூட்டுக்குப் பஞ்சு தேடுகிறது. இன்னொரு கிண்ணம் மாட்டி, விரல் நீளத்துக்கு வெட்டிய சணல் போடுங்கள். அப்படியும் பிடுங்கினால் நடுவே கம்பித் தடுப்பு வைத்துக் குஞ்சுகளை ஆணோடு விடுங்கள். அது ஊட்டும். தாமாகத் தானியம் உடைத்துத் தின்ன ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதுவரை முட்டை உணவை நிறுத்த வேண்டாம்.